ஜோர்ஜியாவைப் பாடியவர்கள்

தரம் 11க்கு ஆங்கிலம் படிப்பிக்கும்போது தவணைக்கு ஒருமுறை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு பாட்டைப் போடுவேன். இரண்டு தரம் கேட்க விட்டு, காதில் விழுந்த சொற்களை எழுதச் சொல்வேன். நாற்பது நிமிட இலக்கணத்தில் வராதது சில வேளை நாலு நிமிடப் பாட்டில் வந்துவிடும். (பாட்டு என்றதும் இன்பொக்ஸுக்கு உபதேசம் அனுப்பத் தயாராகும் சகோதரர்கள் கொஞ்சம் பொறுங்கள். முழுக்க வாசித்துவிட்டு அனுப்பலாம்.)

இந்தத் தவணை போட்டது ரே சார்ள்ஸ் பாடிய 'ஜோர்ஜியா ஒன் மை மைண்ட்'. முடிந்ததும் முன்வாங்கில் இருந்த பிள்ளை கேட்டாள்: "டீச்சர், ஜோர்ஜியா எண்டது ஆளா, ஊரா?" பின்வாங்கில் இருந்தவன் முந்திக்கொண்டான்: "நாடு டீச்சர். எங்கட மச்சான் டொக்டருக்குப் படிக்கிறது அங்கதான்."

அவன் சொன்ன ஜோர்ஜியா வேறு. அது கருங்கடல் கரையில் இருக்கும் நாடு. பாட்டில் வருவது அமெரிக்காவின் தெற்கே உள்ள மாநிலம். அட்லாண்டா, சவன்னா, ஆகஸ்டா, மேக்கன் என்ற நகரங்களெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்வி லேசானதல்ல. பாட்டை எழுதியவர்களே அதற்குத் தெளிவாகப் பதில் வைக்கவில்லை.

மெட்டுப் போட்ட ஹோகி கார்மைக்கேல் இந்தியானா மாநிலத்துக்காரர். அது வடக்கே இருக்கிறது. தெற்கைப் பற்றி எழுது, அது எப்போதும் ஓடும் என்று கூட வாசித்த இசைக்கலைஞர் ஒருவர் அவரிடம் சொன்னாராம். வரிகளை எழுதியவர் ஸ்டுவர்ட் கொரெல், கார்மைக்கேலின் பல்கலைக்கழகக் காலத்து அறைத்தோழர். அவர் பிறகு வங்கி உத்தியோகத்துக்குப் போய்விட்டார். பாட்டு எழுதுவது அவருடைய தொழிலே இல்லை. இன்னொரு பக்கத்தில், கார்மைக்கேலின் சகோதரியின் பெயரும் ஜோர்ஜியா. அதனால் அந்தப் பாட்டில் வருவது ஊரா, பெண்ணா என்று இன்றைக்கும் ஆட்கள் வாதாடுகிறார்கள். இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரித்தான் வரிகள் இருக்கின்றன. "ரெண்டும்தான் மகள்" என்று சொன்னேன்.

1930 செப்டெம்பர் 15ஆம் திகதி கார்மைக்கேல் நியூயோர்க்கில் இந்தப் பாட்டை முதன்முதலில் ஒலிப்பதிவு செய்தார். அதிலிருந்து எட்டாவது நாள், செப்டெம்பர் 23, ஜோர்ஜியாவின் அல்பனி என்ற ஊரில் ஓர் ஏழைக் கறுப்பினத் தாய்க்கு ஒரு பிள்ளை பிறந்தது. அதுதான் ரே சார்ள்ஸ். பிறந்த கொஞ்ச நாளில் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மாநிலமான புளோரிடாவுக்குப் போய்விட்டார். ஏழு வயதாகும்போது பிள்ளைக்குக் கண் பார்வையும் போய்விட்டது. அந்தப் பாட்டை எழுதியவர்கள் ஜோர்ஜியாக்காரர்கள் இல்லை. அதைப் பாடி உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் அங்கே பிறந்தவர், ஆனால் அங்கே வளராதவர்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஜோர்ஜியாவைப் பற்றிய மற்றப் பாட்டுகளையும் தேடித் தேடிக் கேட்டேன். பாதிக்குமேல் இதே கதைதான்.

'ரெய்னி நைட் இன் ஜோர்ஜியா' என்று ஒரு பாட்டு. மழை இரவில் தங்க இடமில்லாமல் அலைகிற ஒருவனின் பாட்டு. நம்மூர் மாரி மழை தகரக் கூரையில் விழும்போது கேட்டுப் பாருங்கள். எழுதிய டோனி ஜோ வைட் லூசியானாக்காரர். பள்ளிப் படிப்பு முடிந்து கொஞ்சக் காலம் ஜோர்ஜியாவின் மரியெட்டாவில் வீதித் திணைக்களத்துக்கு டிப்பர் லொறி ஓட்டியிருக்கிறார். மழை பெய்தால் வேலை இல்லை, அறையில் இருந்து கிட்டார் வாசிப்பாராம். அந்த மழைதான் பிறகு பாட்டாக வந்தது. 1970இல் அதைப் பிரபலமாக்கிய புரூக் பென்டன் தென் கரோலைனாக்காரர்.

ஷைத்தான் ஜோர்ஜியாவுக்கு வந்து ஒரு பொடியனோடு வயலின் போட்டி போட்டுத் தோற்றுப் போகிற பாட்டும் ஒன்று இருக்கிறது. 1979இல் வந்தது. அதைப் பாடிய சார்லி டேனியல்ஸ் வட கரோலைனாக்காரர். எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கதை அதுதான். ஷைத்தான் தோற்கிறான் என்பதால் இதற்கு உபதேசம் வராது என்று நினைக்கிறேன்.

எல்லாப் பாட்டும் அன்பான பாட்டு இல்லை. 1864 நவம்பரில் வடக்குப் படைத்தளபதி ஷெர்மன் சுமார் 60,000 படையினரோடு அட்லாண்டாவிலிருந்து கடற்கரையிலுள்ள சவன்னா வரை நடந்தார். வழியில் ரயில் பாதைகளைப் பிடுங்கினார்கள், களஞ்சியங்களை எரித்தார்கள். டிசம்பர் 21இல் சவன்னா விழுந்தது. அடுத்த வருடமே வடக்கத்தி இசையமைப்பாளர் ஹென்றி கிளே வேர்க் 'மார்ச்சிங் த்ரூ ஜோர்ஜியா' என்ற வெற்றிப் பாட்டை எழுதினார். அடிமைகளாயிருந்தவர்களுக்கு அந்தப் படை விடுதலை. வெள்ளையின ஜோர்ஜியாக்காரர்களுக்கு அது எரிந்த வீடு. ஒரே பாட்டை ஒரே மண்ணில் ஓர் ஆள் தலை நிமிர்ந்து கேட்பார், இன்னோர் ஆள் காதைப் பொத்திக்கொள்வார். போகிற இடமெல்லாம் அதையே வாசித்ததில் ஷெர்மனுக்கே அது வெறுத்துப் போயிருந்ததாம்.

ஊரின் உள்ளே பிறந்தவர் எழுதிய பாட்டென்றால் எனக்கு முதலில் 'மூன் ரிவர்' ஞாபகம் வரும். 1961இல் ஒரு திரைப்படத்துக்காக வந்தது, ஒஸ்கார் விருது பெற்றது. எழுதிய ஜோனி மேர்சர் சவன்னாவில் பிறந்தவர். பாட்டில் ஜோர்ஜியாவின் பெயரே இல்லை. ஆனால் அந்த ஆறும், ஆற்றங்கரையில் பழம் பறித்துத் திரிந்த சின்ன வயசும் அவருடைய ஊரிலிருந்து வந்தவை. பாட்டு பிரபலமான பிறகு அவர் வீட்டுப் பக்கத்தில் ஓடிய ஆற்றுக்கே மூன் ரிவர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஊர் பாட்டைக் கொடுத்தது, பாட்டு ஊருக்குப் பெயரைக் கொடுத்தது.

ஓட்டிஸ் ரெடிங் மேக்கன் நகரில் வளர்ந்தவர். அவருடைய 'டொக் ஒஃப் த பே' பாட்டில் ஒருவன் ஜோர்ஜியாவிலுள்ள வீட்டை விட்டு இரண்டாயிரம் மைல் கடந்து சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்துக்கு வருகிறான். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. சும்மா குந்தியிருந்து கப்பல்களைப் பார்க்கிறான். அவ்வளவுதான் பாட்டு. 1967 டிசம்பர் 10ஆம் திகதி விமான விபத்தில் ரெடிங் இறந்தபோது வயது 26. ஒலிப்பதிவு முடிந்து சில நாட்கள்தான். அடுத்த வருடம் பாட்டு முதலிடத்துக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

என்னை அதிகம் பிடித்து வைத்திருப்பது 'மிட்நைட் ட்ரெய்ன் டு ஜோர்ஜியா'. அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எழுதிய ஜிம் வெதர்லி மிசிசிப்பிக்காரர், பல்கலைக்கழகத்தில் பெயர்போன கால்பந்து வீரர் (அமெரிக்கக் கால்பந்து, நம்முடையதல்ல). ஒருநாள் நண்பர் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தபோது எடுத்துப் பேசியது நண்பரின் காதலி, பின்னாளில் நடிகையாகப் பெயரெடுத்த ஃபரா ஃபோசெட். பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன், நடுச்சாம விமானத்தில் ஹூஸ்டனுக்கு, வீட்டாரைப் பார்க்கப் போகிறேன் என்றாராம். அந்த ஒரு வசனத்தை வைத்துப் பாட்டு எழுதினார். முதலில் அது ஹூஸ்டனுக்குப் போகும் நடுச்சாம விமானம்தான்.

பிறகு பாட்டு சிசி ஹூஸ்டனிடம் வந்தது. விட்னி ஹூஸ்டனின் தாய். அவருடைய குடும்பம் ஜோர்ஜியாவிலிருந்து வடக்கே போன கறுப்பினக் குடும்பம். எங்கள் ஆட்கள் ஹூஸ்டனுக்கோ வேறெங்குமோ விமானத்தில் போனதில்லை, ரயிலில்தான் போனார்கள் என்பது அவருடைய நியாயம். விமானம் ரயிலானது, ஹூஸ்டன் ஜோர்ஜியாவானது. அதன் பிறகு அட்லாண்டாவில் பிறந்த கிளாடிஸ் நைட் தன் குழுவோடு பாடி, 1973 ஒக்டோபரில் அமெரிக்காவின் முதலாவது பாட்டாக வந்தது.

இரண்டே சொல் மாறியதில் பாட்டின் கனமே மாறிவிட்டது. 1910 தொடக்கம் 1970 வரை சுமார் 60 இலட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். வாக்குரிமை இல்லை, நிலம் இல்லை, கும்பல் கூடி மரத்தில் தொங்கவிட்டால் கேட்க ஆளில்லை. பெருந்தொகையானவர்கள் ரயிலில்தான் போனார்கள். அந்த ரயில் எல்லாம் ஊரை விட்டுப் போகிற ரயில். இந்தப் பாட்டில் ரயில் மறுபக்கம் திரும்புகிறது. லொஸ் ஏஞ்சலிஸில் பெரிய ஆளாகலாம் என்று வந்து தோற்றுப்போன ஒருவன், காரை விற்று, ஒருவழி டிக்கெட் எடுத்து ஊருக்குத் திரும்புகிறான். அவள் அவனோடு கூடப் போகிறாள். உண்மையிலேயே 1970களில்தான் போனவர்களில் ஒரு பகுதியினர் தெற்குக்குத் திரும்பத் தொடங்கினார்கள். தங்கள் தகப்பன்மாரை விரட்டிய மண்ணுக்கே.

இந்தப் பாட்டுகளில் எனக்கென்ன இவ்வளவு பிடிப்பு என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டிலும் ஒரு ரயில் கதை இருக்கிறது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எனக்கு ஆறு வயது. யாழ்ப்பாணம் ஐந்துசந்திப் பக்கம் எங்கள் வீடு. துவக்கோடு வந்தவர்கள் இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதைப் பலர் எழுதிவிட்டார்கள், நான் திரும்ப எழுதப் போவதில்லை. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு புத்தளத்தில், கிடுகுக் கொட்டிலில், நடந்தது.

உம்மா ஊரைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருப்பா. கிணற்றுத் தண்ணி, முற்றத்து முருங்கை, மாரி தொடங்கினால் வருகிற மண் வாசனை. பக்கத்துத் தெருச் சரஸ்வதி அக்கா பொங்கலுக்குக் கொண்டுவரும் சட்டி. பாட்டு மாதிரியேதான், ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். வாப்பா நேர் எதிர். ஊர்ப் பெயரை எடுத்தால் எழும்பி வெளியே போய்விடுவார். எனக்கு நடுவில் ஒரு குழப்பம். அங்கே ஆறு வருடம் வாழ்ந்திருக்கிறேன், ஆனால் எனக்கு ஞாபகமிருப்பதில் எது நான் பார்த்தது, எது உம்மா சொன்னது என்று பிரிக்க முடியாது. தம்பி முகாமில் பிறந்தவன். அவனிடம் உங்களுக்கு எந்த ஊர் என்று கேட்டால் யோசிக்காமல் யாழ்ப்பாணம் என்பான். கார்மைக்கேல் ஜோர்ஜியாவைப் பற்றி எழுதியது மாதிரித்தான்.

1990இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014 ஒக்டோபரில் திரும்ப ஓடத் தொடங்கியது. உம்மா சின்னப் பிள்ளை போல ஆகிவிட்டா. நானும் உம்மாவும் அனுராதபுரம் போய் ஏறினோம். வாப்பாவையும் வற்புறுத்தினோம். "ரயில் வந்துட்டுது. மற்றதும் வரட்டும், பொறவு வாறன்" என்றார். மற்றது என்றால் என்ன என்று கேட்கவில்லை. தெரியும். வீடு, உறுதி, பதிவு, ஒருவராவது வந்து சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை. 2019இல் வாப்பா மௌத்தானார். அடக்கியது புத்தளத்தில்தான்.

உம்மாவுக்கு ஊர்ப்பாசம், வாப்பாவுக்குக் கல்மனசு என்றுதான் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது ரே சார்ள்ஸின் கதை.

அவர் அந்தப் பாட்டைப் பாடியது 1960இல், 'த ஜீனியஸ் ஹிட்ஸ் த ரோட்' என்ற இசைத்தட்டுக்காக. அந்த இசைத்தட்டில் இருக்கும் பாட்டெல்லாம் இடப்பெயர்ப் பாட்டுகள்தான். அலபாமா, மிசிசிப்பி, டெக்ஸாஸ், கலிபோர்னியா என்று நாடு முழுக்கச் சுற்றும். அதிலேயே வேர்ஜீனியாவைப் பற்றிய ஒரு பழைய பாட்டும் இருக்கிறது. 1878இல் ஜேம்ஸ் பிளாண்ட் என்ற கறுப்பினக் கலைஞர் எழுதியது. ஒரு கிழ அடிமை தன்னைத் திரும்ப வேர்ஜீனியாவுக்குக் கொண்டுபோகச் சொல்லி, எசமானை நினைத்து ஏங்கும் பாட்டு. 1940இல் வேர்ஜீனியா அதையே தன் மாநிலப் பாட்டாக வைத்துக்கொண்டது. 1997இல்தான் விலக்கினார்கள். விரட்டியவனுக்கு வசதியான ஊர்ப்பாசம் என்று ஒன்று இருக்கிறது. எல்லாம் நல்லாய்த்தான் இருந்தது, என்னைக் கூப்பிட்டால் போதும் என்கிற பாசம். அதை மாநிலங்கள் உடனே ஏற்றுக்கொள்ளும்.

'ஜோர்ஜியா' 1960 நவம்பரில் முதலிடம் பிடித்தது. நான்கு மாதம் கழித்து, 1961 மார்ச்சில், ரே சார்ள்ஸுக்கு ஆகஸ்டா நகரில் கச்சேரி. மண்டபத்தில் ஆடுகளம் வெள்ளையர்களுக்கு, கறுப்பினத்தவர் மேல்மாடியில் நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு. அந்த ஊர்க் கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் அவருக்குத் தந்தி அனுப்பி விஷயத்தைச் சொன்னார்கள். அவர் பாடவில்லை, போய்விட்டார். ஏற்பாட்டாளர் வழக்குப் போட, 757 டொலர் கட்டினார். ஜோர்ஜியாவைப் பாடி உலகப்புகழ் பெற்ற மனிதர் ஜோர்ஜியாவில் பாட மறுத்ததற்குக் கட்டிய காசு அது.

2004இல் வந்த 'ரே' படத்தைப் பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். அவரை மாநிலத்துக்குள் வரவே கூடாதென்று ஆயுட்காலத் தடை விதித்தார்கள், பிறகு சட்டசபை தடையை நீக்கி மன்னிப்புக் கேட்டது என்று படத்தில் வரும். அப்படி ஒரு தடை இருந்ததே இல்லை. நடந்தது வேறு. 1963இல் அதே மண்டபத்தில், எல்லாரும் ஒன்றாக இருந்து பார்க்கலாம் என்ற நிலை வந்த பிறகு, அவர் திரும்பிப் போய்ப் பாடினார். இதுதான் படத்தைவிடப் பெரிய கதை என்பேன். தடையை யாரும் அவர்மேல் போடவில்லை. நிபந்தனையை அவர்தான் ஊர்மேல் போட்டார்.

1979 மார்ச் 7ஆம் திகதி அட்லாண்டாவில் மாநிலச் சட்டசபைக்குள்ளேயே அவர் அந்தப் பாட்டைப் பாடினார். அடுத்த மாதம் அது ஜோர்ஜியாவின் அதிகாரபூர்வப் பாட்டானது. கறுப்பினத்தவரை மாடிக்கு அனுப்பிய சட்டங்களை இயற்றியதும் அதே சபைதான். அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் ஏங்கிப் பாடிய குரலும் பாட மறுத்த குரலும் ஒரே ஆளுடைய குரல் என்பதுதான் எனக்கு முன்னுக்கு வரும். வாப்பாவும் ஊரை மறக்கவில்லை. மௌத்தாகும்வரை அவருடைய அலுமாரியில் யாழ்ப்பாண வீட்டுத் திறப்பு இருந்தது. உம்மா பாடினா, வாப்பா பாட மறுத்தார். ஒரே பாட்டுத்தான்.

மூன் ரிவரில் தொடங்கி ரே சார்ள்ஸில் முடித்துவிட்டால் ஜோர்ஜியா என்பது பழைய இசைத்தட்டு என்று நினைத்துவிடுவீர்கள். 2005இல் லுடாக்ரிஸ் என்ற ரப் பாடகரும் ஃபீல்ட் மொப் என்ற இரட்டையரும் 'ஜோர்ஜியா' என்றே ஒரு பாட்டு விட்டார்கள். பழைய பாட்டின் மேல் புதுப் பாட்டைக் கட்டியிருக்கிறார்கள். படத்தில் ரே சார்ள்ஸாக நடித்து ஒஸ்கார் வாங்கிய ஜேமி ஃபொக்ஸ் அதில் அவரைப் போலவே பாடுகிறார். ஃபீல்ட் மொப் பொடியன்களின் ஊர் அல்பனி. ரே சார்ள்ஸ் பிறந்த அதே அல்பனி. வகுப்பில் போட முடியாது, சொற்கள் அப்படி. வீட்டில் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அல்பனியில் ஃபிளிண்ட் ஆற்றங்கரையில் இப்போது ரே சார்ள்ஸுக்கு ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. பியானோ முன்னால் இருந்து வாசிக்கிற மாதிரிச் சிலை. யூடியூபில் தேடினால் கிடைக்கும். சிலை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும், அவர் பாட்டும் கேட்கும். போன கிழமை உம்மாவுக்குப் போனில் காட்டினேன். "இது அவர்ட சொந்த ஊரா?" என்று கேட்டா. பிறந்த ஊர், ஆனா சின்னப் பிள்ளையிலயே போயிட்டார் என்றேன். திரும்ப ஒருக்காப் போடச் சொன்னா.